பனிக்காலக் காரும் தமிழில் அறிவியலும்



தமிழ்ப்பள்ளியில் அறிவியலை எந்த மொழியில் கற்பிப்பது என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அவ்விரு பாடங்களும் தமிழுக்குத் திரும்பின. பின்னர் 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. வாதமும் எதிர்வாதமும் மீண்டும் எழுந்தன. இந்த ஆண்டுகள் முழுவதும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நான் கேட்டுவந்த ஒரு வாக்கியம் உண்டு: "தமிழில் கதை படிக்கலாம், கவிதை படிக்கலாம். ஓர் எந்திரத்தைப் பற்றித் தமிழில் பேச முடியுமா டீச்சர்?"

இதைக் கேட்பவர்கள் தமிழை வெறுப்பவர்கள் அல்லர். தம் பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கேட்கிறார்கள். ஆகவே, "தமிழால் முடியும்" என்று முழக்கமிட்டு அவர்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. எந்திரத்தைப் பற்றி நான் தமிழில் பேசிய ஒரு நிகழ்வை முழுமையாக எழுதுகிறேன். பழைய பந்தயக் கார் ஒன்றின் பெட்ரோல் தொட்டியைப் பற்றியது அது. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

பனியும் உப்பும்

2018 நவம்பர் இறுதியில், பள்ளி ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியதும், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாழும் என் அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அத்தான் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறைக்காரரின் மகனாக வளர்ந்தவர். அங்கே தொழிற்சாலை ஒன்றில் எந்திரப் பராமரிப்புப் பணி செய்கிறார். அவரிடம் 1972ஆம் ஆண்டு டட்சன் 240 இசட் கார் ஒன்று இருக்கிறது. இரண்டே இருக்கைகள், நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர் எஞ்சின். எழுபதுகளில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய டட்சன் 120ஒய் காரைப் பார்த்தவர்கள், இரண்டும் ஒரே குடும்பம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அந்த ஊரில் இத்தகைய கார்களைக் குளிர்காலத்தில் ஓட்டமாட்டார்கள். பனிக்கட்டி உருகுவதற்காகச் சாலையெங்கும் உப்பைத் தூவுவார்கள். உப்பு நீர் இரும்பை எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதை நம் தொடக்கப்பள்ளி மாணவர்களும் அறிவார்கள். அந்தக் காலத்து 240 இசட்டோ துருவுக்குப் பேர்போன வண்டி. ஆகவே, சாலையில் உப்பு விழுவதற்கு முன் காரைக் கொட்டகைக்குள் விட்டுப் போர்த்திவிட்டால் ஏப்ரல் மாதம் வரை அசைக்கமாட்டார்கள்.

இங்கேதான் நான் அறியாத ஒன்றை அறிந்துகொண்டேன். ஐந்து மாதம் காரை நிறுத்திவைப்பதென்றால் சாவியைக் கழற்றிக் கதவைப் பூட்டினால் போதாது. டயருக்குக் காற்று, மின்கலத்திற்கு மின்னூட்டம் என்று பல வேலைகள் இருக்கின்றன. அவற்றுள் மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டியது எரிபொருள் வேலை. அந்த ஆண்டு அந்த வேலையை அத்தான் எங்கள் கண்முன்னே செய்தார். எங்கள் என்று சொன்னது என்னையும், அப்பொழுது பதினொரு வயதாகியிருந்த அக்காள் மகனையும்.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து அவனை அக்காள் அந்த ஆண்டுதான் நிறுத்தியிருந்தாள். "அவனுக்கு எந்திரத்துல்தான் ஆசை. அங்க போனா பாட்டும் கதையும்தான். வேண்டாவெறுப்பா போய் என்ன பயன்?" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. என் தமக்கை கேட்டதும் நம் பெற்றோர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான் என்பது மட்டும் எனக்கு உறைத்தது.

கொட்டகைக்குப் போகும்போது அவனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். "எனக்கு இந்த வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நீதான் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் எனக்குத் தமிழில்தான் புரியும்." அவன் சிரித்தான். சித்திக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் விளையாட்டாக ஒப்புக்கொண்டான்.

பெட்ரோல் ஏன் கெடுகிறது?

முதலில் அத்தானிடம் நான்தான் கேட்டேன். பெட்ரோல் என்ன பாலா, கெட்டுப்போவதற்கு?

கெட்டுத்தான் போகிறது, மூன்று வழிகளில். அத்தான் தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். பையன் சரிபார்த்தான்.

முதலாவது, ஆவியாதல். பெட்ரோல் ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான நீர்க்கரிமச் சேர்மங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை எளிதில் ஆவியாகிவிடும். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை பற்றிக்கொள்ள உதவுபவை அந்த இலேசான பகுதிகள்தாம். அவை போய்விட்டால் எஞ்சியிருப்பது பெட்ரோல்போலவே தோன்றும். ஆனால் எஞ்சின் எளிதில் உயிர்பெறாது.

இரண்டாவது, காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிதல். நாள்பட்ட பெட்ரோல் நிறம் மங்கிப் புளித்த வாடை வீசும். அதற்குள் பசைபோன்ற ஒரு பொருள் உண்டாகும். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று பையன் கேட்டான். "பிசின்" என்றேன். மரத்தில் வடியுமே, அந்தப் பிசினா என்றான். அவன் பாட்டி, அதாவது என் அம்மா, தைப்பிங் வீட்டு முருங்கை மரத்தில் பிசின் காட்டியது அவனுக்கு நினைவிருந்தது. அதன்பிறகு அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அப்படின்னா அந்தச் சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும்" என்று அவனே முடித்துவிட்டான்.

அவன் சொன்ன ஓட்டைகள் கார்புரேட்டருக்குள் இருப்பவை. இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் தெளிப்பான்கள் எரிபொருளைத் தெளிக்கின்றன. 1972ஆம் ஆண்டு வண்டியிலோ இரண்டு கார்புரேட்டர்கள். காற்றையும் பெட்ரோலையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. அவற்றின் பெட்ரோல் வழிகள் மிகவும் நுண்ணியவை. தெளிப்பானின் துளைகளோ அவற்றினும் நுண்ணியவை. அவ்வளவு சிறிய இடத்தில் சிறிதளவு பிசின் காய்ந்தாலே போதும், அளவு மாறிவிடும்.

மூன்றாவது, ஈரம். அப்பொழுது ஒன்டாரியோவில் விற்ற பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் எனப்படும் எரிசாராயம் கலந்திருந்தது. எரிசாராயம் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு கசிந்துபோவதைப் போல என்று சொன்னேன். உப்பு ஜாடியில் நாம் சில அரிசிமணிகளைப் போட்டு வைப்பதை அக்காள் அவனுக்குச் சொன்னாள். அப்பொழுதுதான் கவனித்தேன், அவளும் கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

ஓரளவு நீரைப் பெட்ரோல் தன்னோடு வைத்துக்கொள்ளும். பத்து விழுக்காடு எரிசாராயம் உள்ள பெட்ரோல், 15 பாகை செல்சியசில் ஏறக்குறைய அரை விழுக்காடு நீரைத் தாங்கும். குளிர் மிகமிக அந்த அளவு இன்னும் குறையும். எல்லை கடந்தால் நீரும் எரிசாராயமும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளை எடுக்கும் குழாய் இருப்பதும் அடியில்தான். 60 லிட்டர் தொட்டிக்கு அரை விழுக்காடு எவ்வளவு என்று கேட்டேன். 300 மில்லிலிட்டர் என்று பையன் உடனே சொன்னான். ஒரே குளிர்காலத்தில் காற்றின் ஈரத்தால் மட்டும் அவ்வளவு நீர் சேர்வது அரிது. மூடி சரியில்லாத தொட்டியிலும், அரைத்தொட்டிப் பெட்ரோலோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வண்டியிலுந்தான் அந்த ஆபத்து மிகுதி.

செய்த வேலை

வேலையை வரிசைப்படியே எழுதுகிறேன். வரிசைதான் இதில் முக்கியம்.

முதல் நாள் பெட்ரோல் நிலையத்திற்குப் போனோம். அதற்கு முன்பே அத்தான் தொட்டியை ஏறத்தாழக் காலியாகும் அளவிற்கு ஓட்டி வைத்திருந்தார். பழைய பெட்ரோலைக் காப்பாற்றுவதில் பயனில்லை, புதியதைத்தான் காக்க முடியும் என்றார். பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் ஒரு திரவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். உயிர்வளியோடு வினைபுரிவதைத் தாமதப்படுத்தும் பொருள்கள் அதில் இருக்கின்றன. ஏற்கெனவே கெட்டுப்போன பெட்ரோலை அது மீட்காது. நாங்கள் அதற்கு "காப்பு மருந்து" என்று பெயர் வைத்தோம். அந்தப் போத்தலில் கண்டிருந்தபடி 10 லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர். இந்த அளவு போத்தலுக்குப் போத்தல் மாறும். 60 லிட்டருக்கு 180 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டு அளந்து கொடுத்தவன் பையன்.

மருந்தை முதலில் ஊற்றிவிட்டு அதன்மேல் பெட்ரோலை நிரப்பினார். நிரம்பும் பெட்ரோல் தானே அதைக் கலக்கிவிடும். தொட்டியை ஏன் நிறைக்க வேண்டும்? பாதித் தொட்டியில் மீதிப் பாதி காற்று. பகலில் வெப்பம் ஏற அந்தக் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் துளித்துளியாகப் படியும். காற்றுக்கு இடமில்லையென்றால் இந்தப் போக்குவரத்தும் இல்லை. பழைய இரும்புத் தொட்டி உள்ளே துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் அதுவே காப்பு.

ஆனால் கழுத்துவரை நிரப்பக்கூடாது. நிலையத்துக் குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். வெப்பம் ஒரு பாகை ஏறினால் பெட்ரோலின் கொள்ளளவு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு கூடும். கடுங்குளிரில் நிரப்பிய 60 லிட்டர், வசந்தகாலத்தில் 30 பாகை கூடுதலான வெப்பத்தை அடைந்தால் ஏறத்தாழ 1.7 லிட்டர் பெருகும். அதற்கு இடம் வேண்டுமல்லவா? இன்றைய கார்களில் வேறொரு காரணமும் உண்டு. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி ஒன்று இருக்கிறது. அளவுமீறி நிரப்பினால் ஆவிக்குப் பதிலாகப் பெட்ரோலே அதற்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

நிரப்பியபின் இருபது நிமிடம் வண்டியை ஓட்டினார். மருந்து கலந்த பெட்ரோல் குழாய்கள், வடிகட்டி, கார்புரேட்டர் ஆகிய எல்லா இடங்களுக்கும் சென்றுசேர வேண்டும். இதைச் செய்யாமல் தொட்டிக்குள் மட்டும் மருந்து இருந்தால், பிசின் அடைக்கக்கூடிய இடத்தில் பழைய பெட்ரோலே நிற்கும்.

இன்றைய தெளிப்பான் கார்களுக்கு வேலை இதோடு முடிந்துவிடும். அவற்றின் பெட்ரோல் பம்பு தொட்டிக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கும். அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். ஆகவே அந்தக் கார்களில் பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிடக்கூடாது. அவற்றின் குழாய்களிலும் அழுத்தம் இருக்கும், தெரியாதவர்கள் கழற்றலாகாது.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. அதைச் செய்ய மறுநாள் காலைவரை காத்திருந்தோம். சூடான எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றுவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். காலையில் காரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்தினோம். தீயணைப்பானை அத்தான் அருகில் வைத்துக்கொண்டார். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் இரப்பர்க் குழாயை இடுக்கியால் இறுக்கிக் கழற்றி, அதன் வாயை அடைத்தார். பிறகு எஞ்சினை முடுக்கினார்.

"இப்ப எந்தப் பெட்ரோல்ல ஓடுது?" என்று மகனைக் கேட்டார்.

கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதற்குள் ஒரு மிதவை. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி வழியைத் திறக்கும், நிறைந்தால் ஏறி அடைக்கும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியிலும் இதே ஏற்பாடுதான். அந்த உவமையைச் சொன்னவன் பையன். "மிதவைக் கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல்ல ஓடுது" என்றான். மிதவை என்னும் சொல்லை நான் ஒருமுறைதான் சொல்லியிருந்தேன்.

சில நிமிடங்களில் எஞ்சின் தடுமாறி, இருமுறை இருமி, நின்றுபோனது. கிண்ணங்கள் வற்றிவிட்டன. பிசின் உண்டாவதற்கு அங்கே இனிப் பெட்ரோல் இல்லை. எல்லாரும் இப்படிச் செய்வதில்லை என்பதையும் அத்தான் சொன்னார். கிண்ணம் வற்றினால் உள்ளிருக்கும் இரப்பர் வளையங்கள் காய்ந்து சுருங்கும் என்று அஞ்சி, மருந்து கலந்த பெட்ரோலோடு அப்படியே விடுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் காரணம் உண்டு.

காரைக் கையால் தள்ளிக் கொட்டகைக்குள் விட்டோம். அருகில் எரியும் அடுப்போ தண்ணீர் சூடேற்றும் கருவியின் நெருப்போ இருத்தல் ஆகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து செல்லும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பையனுக்கு ஓர் ஏமாற்றம். வாரம் ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்கலாம் என்று எண்ணியிருந்தான். கூடாது என்று அத்தான் சொன்ன காரணம் எனக்கும் வியப்பாக இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நன்றாகச் சூடேறிய எஞ்சினிலிருந்து அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடம் ஓடி நின்ற எஞ்சினிலோ அது புகைக்குழாயிலும் எஞ்சின் எண்ணெய்யிலும் தங்கித் துருவை வளர்க்கும். நெருப்பிலிருந்து தண்ணீரா என்று பையன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பெட்ரோலில் உள்ள நீர்வளி, காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்தால் நீர் என்று சொன்னேன். ஹைட்ரஜன் என்னும் பெயர் அவனுக்குத் தெரியும். ஆனால் நீர்வளி என்னும் பெயரிலேயே விடை அடங்கியிருக்கிறது என்று சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. நீரை உண்டாக்குவதால் நீர்வளி.

மொழியைப் பற்றி நான் கண்டது

அந்த இரண்டு நாள்களிலும் எல்லாச் சொற்களையும் நான் தமிழாக்கவில்லை. கார்புரேட்டர் கார்புரேட்டராகவே இருந்தது, பம்பு பம்பாகவே இருந்தது. பெயர்ச்சொல்லைக் கடன் வாங்குவதால் விளக்கம் கெட்டுவிடாது. ஆனால் ஏறுகிறது, இறங்குகிறது, அடைக்கிறது, கசிகிறது, படிகிறது, வற்றுகிறது, பிரிகிறது என்னும் வினைச்சொற்கள் எல்லாம் தமிழில் இருந்தன. ஒரு கருவி என்ன செய்கிறது என்பதைத் தாங்கி நிற்பவை வினைச்சொற்கள்தாம். அவை பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. ஆங்கிலப் பெயர்களை மனனம் செய்து, "ஏன்?" என்று கேட்டதும் விழிக்கும் மாணவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கலைச்சொற்களைத் தமிழில் மனனம் செய்துவிட்டு அதேபோல் விழிப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். இருவருக்கும் குறைபாடு ஒன்றே.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் இனி வாழ்நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் எந்திரத்தைப் படிப்பான். நம் மாணவர்களும் இடைநிலைப்பள்ளியில் வேறு மொழியில்தான் அறிவியல் படிக்கப்போகிறார்கள். முதல் புரிதல் எந்த மொழியில் ஆழமாக விழுகிறதோ, அதை மற்ற மொழிக்குக் கொண்டுபோவது எளிது என்பதே நான் வகுப்பில் கண்டது.

நம் ஊரில் ஒரு குளிர்காலம்

நமக்குக் குளிர்காலம் இல்லை என்று நினைத்திருந்தேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நம் மாணவர்களின் வீடுகளில் மோட்டார் சைக்கிள்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. மே மாதம் பலர் வேலைக்குத் திரும்பத் தொடங்கியபோது, என் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி புலனத்தில் எழுதினாள்: "டீச்சர், அப்பா மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. நாளைக்கு அப்பா வேலைக்குப் போக வேண்டும்."

அவள் தந்தை நாள் சம்பளத்திற்கு வேலை செய்பவர். ஏழு வாரம் வருமானம் இல்லை. மறுநாள் போகாவிட்டால் அந்த வேலையும் கையில் இருக்குமோ இருக்காதோ என்னும் நிலை. கார்புரேட்டர் உள்ள பழைய கப்சாய் வண்டி அது. நம் வெப்பம் ஒன்டாரியோவின் குளிரைவிடப் பெட்ரோலுக்குக் கெடுதல். வெப்பம் கூடினால் ஆவியாவதும் விரைவு, உயிர்வளியோடு வினைபுரிவதும் விரைவு. நம் நாட்டுப் பெட்ரோலில் எரிசாராயம் கலக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அந்த ஒரு தொல்லை மட்டும் நமக்குக் குறைவு.

மிதவைக் கிண்ணம் என்றால் என்ன என்பதைப் படம் வரைந்து, தமிழில் எழுதி அவளுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவள் தந்தையே அழைத்தார். "அது தெரியும் டீச்சர். அடியில ஒரு ஸ்குரூ இருக்கு, திருகி வடிச்சுட்டா புது எண்ணெய் இறங்கிடும். அதத்தான் செய்யப் போறேன். நீங்க அனுப்பினதைப் பாப்பா எனக்குப் படிச்சுக் காட்டினா. எதுக்கு வடிக்கணும்னு இவ்வளவு நாளும் தெரியாம வடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். மாணவி கைப்பேசி வெளிச்சம் காட்ட, பழைய பெட்ரோலை ஒரு டப்பாவில் வடித்தார். நாலைந்து உதையில் வண்டி உயிர்பெற்றதாக இரவு செய்தி வந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போனார்.

எனக்கு அந்த உரையாடல்தான் பெரிய பாடம். அவர் கைகளுக்கு எப்படி என்பது தெரிந்திருந்தது. மகளின் பாடத்திற்கு ஏன் என்பது தெரிந்தது. இரண்டும் ஒரே மொழியில் இருந்ததால் அன்றிரவு அவ்வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டன. பாடம் அவருக்குப் புரியாத மொழியில் இருந்திருந்தால், மகள் படித்துக்காட்டியிருக்கமாட்டாள். அவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கமாட்டார். தந்தைக்கு அறிவியல் தெரியாது என்று அந்தப் பிள்ளை நினைத்தபடியே வளர்ந்திருக்கும்.

நம் பெற்றோர்களில் பட்டறைக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், மின்கம்பி வேலை செய்பவர்கள், செம்பனைத் தோட்டத்து எந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேர்! அவர்களை ஆண்டுக்கு ஒருமுறை தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட மட்டும் அழைக்கிறோம். அந்த ஆண்டிற்குப் பிறகு நான் ஆண்டுதோறும் இரு பெற்றோரையாவது வகுப்பிற்கு அழைத்துத் தம் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்கிறேன். தொடக்கத்தில் "எனக்கு என்ன தெரியும் டீச்சர்" என்பார்கள். பேசத் தொடங்கினால் மணியடித்தாலும் நிறுத்தமாட்டார்கள்.

முடிவாகச் சில செய்திகள்

ஆசிரியர்களுக்கு ஒன்று. பள்ளியில் புல்வெட்டும் இயந்திரம் இருந்தால், நீண்ட விடுமுறைக்கு முன் அதன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடும்படி தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூடும். அப்படியானால் மாணவர்களை அழைத்துச்சென்று பாதுகாப்பான தொலைவில் நிற்கவைத்து, அவரையே விளக்கச் சொல்லுங்கள். ஆவியாதல், துருப்பிடித்தல், வெப்பத்தால் பொருள் விரிதல் எல்லாம் அந்த ஒரே எந்திரத்தில் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒன்று. வீட்டில் வண்டியைப் பழுதுபார்க்கும்போது பிள்ளையை "அங்கே போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கவைத்துப் பேசுங்கள். பெயர்ச்சொல் எந்த மொழியில் வந்தாலும் கவலைப்படாதீர்கள். பெட்ரோலைத் தொடும் வேலையை மட்டும் பெரியவர்களே செய்யுங்கள்.

அக்காள் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். 2019 ஏப்ரலில் காரை வெளியே எடுத்த அன்று எனக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினான். "சித்தி, மிதவைக் கிண்ணம் நிறைய கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் ஸ்டார்ட் ஆயிருச்சு. பிசின் இல்ல" என்று தொடங்கி இரண்டு நிமிடம் பேசியிருந்தான். இலக்கணப் பிழைகளை எண்ணவில்லை. அதையே தைப்பிங்கில் இருக்கும் பாட்டிக்கும் அனுப்பியிருக்கிறான். அம்மாவுக்குக் கார்புரேட்டர் என்றால் என்னவென்று தெரியாது. பேரன் முழுதாக இரண்டு நிமிடம் தம்மோடு தமிழில் பேசியதைப் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

அந்தச் செப்டம்பரில் அக்காள் அவனை மீண்டும் தமிழ் வகுப்பில் சேர்த்தாள். அங்கே யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர், வாரம் ஒரு மாணவர் தமக்குப் பிடித்த ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று பேச வேண்டும் என்று வழக்கப்படுத்தியிருந்தாராம். என் முறை வரும்போது எதைப் பேசுவது என்று அவன் என்னிடம் கேட்டான். பிரேக்கைப் பற்றிப் பேசு என்று சொல்லியிருக்கிறேன் என்றாள் அக்காள். அந்தப் பேச்சுக்குத் தேவையான சொற்களை நானும் அவனும் மூன்று இரவுகள் தொலைபேசியில் தேடினோம்.